விளையாட்டு அட்டை சேர்த்த கதை: சிகரெட் பெட்டியில் இருந்து திருவொற்றியூர் பெட்டிக்கடை வரை

1/ 2022 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஒரு அட்டை ஏலத்துக்கு வந்துச்சு. உள்ளங்கையில அடங்கிடும். மிக்கி மேன்டில்ங்கிற பேஸ்பால் வீரரோட படம், 1952-ல டாப்ஸ் கம்பெனி போட்டது. போன விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். அன்னைக்கு நம்ம காசுல ஏறத்தாழ 100 கோடி ரூபாய்.

2/ நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பசங்களும் அட்டை சேர்த்தவங்கதான். பிஸ்கட் டப்பாவுல, ஷூ பெட்டியில, கணக்கு நோட்டு நடுவுல. அதை ஏலம் எடுக்க யாரும் வரப்போறதில்ல. ஆனா "இன்னும் எதுக்குய்யா இந்தக் குப்பை"னு கேட்டா சண்டைக்கு வர 45 வயசு ஆளுங்க இருக்காங்க. ஏன்? கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/ டாக்டரா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். விளையாட்டு அட்டை பிறந்த இடம் மைதானம் இல்ல. சிகரெட் பெட்டி.

4/ 1870-80கள்ல அமெரிக்காவுல சிகரெட் மெல்லிசான காகித உறையில வரும். சட்டைப் பையில வெச்சா நசுங்கிடும். அதனால உள்ள விறைப்புக்கு ஒரு கெட்டி அட்டை சொருகினாங்க. அப்புறம் ஒருத்தருக்கு யோசனை வந்துச்சு: சும்மா இருக்கிற அட்டையில ஏன் ஒரு படம் போடக்கூடாது?

5/ 1887-ல ஆலன் அண்ட் ஜின்டர்னு ஒரு சிகரெட் கம்பெனி "உலக சாம்பியன்கள்"னு 50 அட்டை போட்டுச்சு. பேஸ்பால் வீரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், மல்யுத்த வீரர்கள், துப்பாக்கி சுடுறவங்க. ஒரு பெட்டிக்கு ஒரு படம். எது வரும்னு தெரியாது. 50-ம் சேரணும்.

6/ இங்க ஒரு சின்ன கணக்கு. 50 படமும் சம அளவுல கலந்திருந்தா, முழு செட்டும் சேர சராசரியா எத்தனை பெட்டி வாங்கணும்? 50 இல்ல, 100-ம் இல்ல. 225. முதல் 40 படம் சீக்கிரம் வந்துடும். கடைசி 10 படம்தான் உயிரை வாங்கும். பெட்டிக்கு 10 சிகரெட்னு வெச்சா 2,250 சிகரெட். இது விளையாட்டு ஆர்வத்துக்குக் கொடுத்த பரிசு இல்ல மக்களே. தூண்டில்.

7/ இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி 1896-ல கிரிக்கெட் வீரர்கள் 50 பேர் படத்தை சிகரெட்டோட கொடுத்துச்சு. அதே வருஷம்தான் ரஞ்சித்சிங்ஜி இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடி 62, ஆட்டமிழக்காம 154 அடிச்சார். அந்தக் காலத்து இங்கிலாந்து சிகரெட் அட்டைகள்ல அவர் படமும் வந்திருக்கு.

8/ இந்த அட்டைகளை ஆசையா சேர்த்தது யாரு? சிகரெட் பிடிக்காத சின்னப் பசங்க. கடை வாசல்ல நின்னு, சிகரெட் வாங்கிட்டு வர பெரியவங்ககிட்ட "சார், அந்த அட்டை குடுங்க சார்"னு கேட்கிறது அங்க தெருவுல சாதாரணக் காட்சி. பையன் கேட்கிறானேன்னு அப்பாவும் அதே பிராண்டையே வாங்குவார். பையனுக்குப் படம், அப்பாவுக்குப் புகை.

9/ ஹோனஸ் வாக்னர்னு ஒரு பேஸ்பால் வீரர். 1909-ல இருந்து 1911 வரை வந்த சிகரெட் அட்டை வரிசையில இவர் அட்டை மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டுச்சு. தன் படத்துக்காகப் பசங்க சிகரெட் வாங்கக் கூடாதுன்னு அவர் மறுத்தார்ங்கிறது ஒரு கதை. காசு விஷயம்ங்கிறது இன்னொரு கதை. இன்னைக்கு 60 சொச்சம் அட்டைதான் மிச்சம். அதுல ஒண்ணு 2022-ல 72 லட்சம் டாலருக்கு மேல போச்சு.

10/ இரண்டாம் உலகப்போர்ல காகிதத் தட்டுப்பாடு வந்து 1940-ல இங்கிலாந்துல சிகரெட் அட்டை நின்னுச்சு. அமெரிக்காவுல ஏற்கெனவே பபுள்கம் கம்பெனிகள் அந்த இடத்தைப் பிடிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. மேன்டில் அட்டை வந்ததும் பபுள்கம் கம்பெனியில இருந்துதான். சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

11/ வில்ஸும் வேற சில பிரிட்டிஷ் கம்பெனிகளும் சேர்ந்து 1901-ல இம்பீரியல் டொபாக்கோ ஆச்சு. அந்தப் பேர்லயே 1910-ல கல்கத்தாவுல இந்தியக் கம்பெனி வந்துச்சு. அதுதான் இன்னைய ஐடிசி. நம்ம தாத்தாக்கள் பிடிச்ச கத்திரி மார்க் சிகரெட் இந்த வழியில வந்ததுதான்.

12/ வடசென்னைக்காரங்களுக்கு இது தூரத்துக் கதை இல்ல. ஐடிசியோட அட்டைப்பெட்டி அச்சடிக்கிற தொழிற்சாலை திருவொற்றியூர்லதான் இருக்கு. விம்கோ நகர் ஸ்டேஷன்ல இறங்குறோமே, அந்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி. 1923-ல ஸ்வீடன்காரங்க இந்தியாவுல தொடங்கின வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. பிற்பாடு அதுவும் ஐடிசி கைக்குப் போயிடுச்சு. கம்பெனி பேர் இப்ப மெட்ரோ ஸ்டேஷன்லயும் இருக்கு.

13/ சிகரெட் அட்டையும் தீப்பெட்டியும் தயாரான ஊர்ல பசங்க எதை சேர்ப்பாங்க? அதைத்தான் சேர்த்தாங்க. உள்ள தனியா வீரர் படம் வெச்சுக் கொடுக்கல, அதனால வெளி அட்டையே சொத்து. 60-70 வயசு தாண்டினவங்ககிட்ட "சிகரெட் அட்டை ஆடியிருக்கீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க. முகமே மாறும்.

14/ ஆட்டம் இதுதான். தரையில வட்டம். நடுவுல எல்லார் அட்டையும். தூரத்துல கோடு. தட்டைக் கல்லை வீசி, வட்டத்துக்கு வெளிய தள்ளினது உனக்கு. ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு மதிப்பு. சார்மினார் எங்க பார்த்தாலும் கிடக்கும், அதனால குறைச்சல். கிடைக்காத பிராண்டுக்கு அதிகம். தெருவுக்குத் தெரு ரேட் மாறும். பங்குச்சந்தை மாதிரி.

15/ துறைமுகம் பக்கத்துல இருந்ததால நம்ம பசங்களுக்கு ஒரு வசதி. கப்பல்ல வேலை பார்க்கிறவங்க தூக்கிப்போட்ட வெளிநாட்டு அட்டை. ஹார்பர்ல கூலி வேலை செஞ்ச ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னது: "சார், ஒரு வெளிநாட்டு அட்டை கெடச்சா அன்னிக்கு நாந்தான் தெருவுக்கு ராஜா. அதுல இன்னா எழுதியிருக்குன்னு ஒர்த்தனுக்கும் தெரியாது. அதனாலதான் அதுக்கு ரேட்டே."

16/ அரிதா இருக்கிறதுக்கு விலை, கதை இருக்கிறதுக்கு இன்னும் விலை. அமெரிக்க ஏலக்கடை பேசுற அதே பொருளாதாரத்தைக் காசிமேட்டுப் பசங்க அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடியே தெருவுல ஆடி முடிச்சிட்டாங்க.

17/ அடுத்த தலைமுறை. 1978-ல மெட்ராஸ்ல இருந்து ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகை வர ஆரம்பிச்சுது. நடுப்பக்கத்துல கலர் போஸ்டர். 1983-ல கபில்தேவ் உலகக்கோப்பையைத் தூக்கினார். அதுக்கப்புறம் சலூன் கடை சுவர், ஓட்டு வீட்டுக் கதவு, பள்ளிக்கூட நோட்டு அட்டை எல்லாம் கபில், கவாஸ்கர், ஸ்ரீகாந்த். புத்தகம் வாங்கக் காசு இல்லாதவன் பழைய பேப்பர் கடையில போஸ்டரை மட்டும் கெஞ்சி வாங்குவான்.

18/ 80களின் கடைசி, 90கள்ல பிக் ஃபன் பபுள்கம். உள்ள கிரிக்கெட் வீரர் படம். அதோட ரன், விக்கெட்னு எண்கள். குறிப்பிட்ட ரன் சேர்த்தா பரிசு. பரிசு வாங்கினவன் குறைச்சல், சேர்த்தவன் ஏராளம். "மச்சான், ரெண்டு அசாருதீன் தரேன், ஒரு ஸ்ரீகாந்த் குடு"ன்னு பேரம் நடக்கும். மெட்ராஸ்ல ஸ்ரீகாந்துக்குத் தனி ரேட்.

19/ 1996-ல உலகக்கோப்பை இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில நடந்துச்சு. பேரு ஞாபகம் இருக்கா? வில்ஸ் உலகக்கோப்பை. பிரிஸ்டல்ல வில்ஸ் கம்பெனி கிரிக்கெட் அட்டை போட்டது 1896. சரியா 100 வருஷம் கழிச்சு அதே பேர் உலகக்கோப்பை மேலயே. நம்ம வீரர்கள் சட்டையிலயும் அதே பேர். அட்டைக்குள்ள வீரரை வெச்சவங்க, இப்ப வீரர் மேலயே அட்டையை ஒட்டிட்டாங்க.

20/ அந்த உலகக்கோப்பையில அதிக ரன் டெண்டுல்கர், 523. அப்ப அவர் பேட்ல ஸ்டிக்கர் கிடையாது. அடுத்து வந்ததுதான் எம்.ஆர்.எஃப். ஊர் உலகத்துக்கு அது டயர் கம்பெனி. எங்களுக்கு அது மாமாவும் சித்தப்பாவும் ஷிஃப்டுக்குப் போற இடம். 1946-ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் செய்யுற பட்டறையா ஆரம்பிச்ச கம்பெனி அது.

21/ அதனால எங்க ஏரியா பசங்களுக்கு டெண்டுல்கர் சென்சுரி அடிச்சா தனிப் பெருமை. "எங்க சித்தப்பா கம்பெனிடா அது!" ஒரு எம்.ஆர்.எஃப். ஸ்டிக்கருக்காக உறவுமுறை தேடிப் பிடிச்சவங்க உண்டு. கிடைக்காதவன் ஸ்கெட்ச் பேனாவுல பேட்ல எழுதிப்பான். மழையில நனைஞ்சா எழுத்து கரையும், திரும்ப எழுதுவான்.

22/ 1999 உலகக்கோப்பைக்கு பிரிட்டானியா பிஸ்கட் கவர்ல ரன். 100 ரன் சேர்த்துக் கொடுத்தா உலகக்கோப்பை புத்தகம். அதுல சுரண்டினா இங்கிலாந்து போகுற அதிர்ஷ்டம் இருந்தாலும் இருக்கும். அந்தக் கோடை விடுமுறையில தெருவுல கிடந்த பிஸ்கட் கவர் எல்லாம் காணாமப் போச்சு. கல்யாண மண்டபக் குப்பையில கவர் பொறுக்கினவங்க இந்த த்ரெட்டைப் படிச்சா கை தூக்குங்க. நானும் தூக்குறேன்.

23/ அப்புறம் ட்ரம்ப் கார்டு. கிரிக்கெட்லயும் உண்டு, ஆனா மவுசு மல்யுத்த கார்டுக்குத்தான். உயரம், எடை, மார்பளவு, புஜத்தளவு. பெரிய எண் வெச்சிருக்கிறவன் எதிராளி கார்டைத் தூக்கிடலாம். யோகோசுனா கார்டு கையில வந்தா கேள்வியே இல்ல. எடைனு சொன்னா போதும். 500 பவுண்டுக்கு மேல. அதாவது 225 கிலோவுக்கும் மேல.

24/ டாக்டரானதுக்கு அப்புறம்தான் இது உறைச்சுது. யோகோசுனா 2000 அக்டோபர்ல, 34 வயசுல, லிவர்பூல்ல ஓட்டல் அறையில இறந்துபோனார். நுரையீரல்ல நீர் கோத்திருந்தது. அவ்வளவு எடையை இதயம் எத்தனை நாள் சுமக்கும்? நமக்கு ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்த எண்ணு, அந்த மனுஷனுக்கு நோய். அட்டையின் பின்பக்கம் எண் மட்டும்தான் இருக்கும். அதைச் சுமந்தவரோட மூச்சு இருக்காது.

25/ சரி, இந்தப் பாசம் எங்க இருந்து வருது? முதல்ல பொருளாதாரம். ஒரு பொருள் நம்ம கைக்கு வந்துட்டா அதோட மதிப்பு நமக்குள்ள கூடிடும். கடையில 10 ரூபாய்க்கு வாங்கத் தயங்கினதை, வாங்கினப்புறம் 20 ரூபாய்க்கும் விற்க மனசு வராது. இதை ஆராய்ச்சியிலயே காட்டியிருக்காங்க.

26/ 2003-ல ஜான் லிஸ்ட்னு ஒரு பொருளாதார அறிஞர் இதை விளையாட்டு அட்டைச் சந்தையிலயே போய்ச் சோதிச்சார். மதிப்புல ஏறக்குறைய சமமான ரெண்டு நினைவுப் பொருள். ஒண்ணைக் கொடுத்துட்டு, "மாத்திக்கிறீங்களா"ன்னு கேட்டார். அனுபவம் குறைஞ்சவங்க பெரும்பாலும் மாத்தல, கையில இருந்ததையே பிடிச்சுக்கிட்டாங்க. வாங்கி விற்றுப் பழகின வியாபாரிங்க சுலபமா மாத்திக்கிட்டாங்க. விற்றுப் பழகினா ஒட்டுதல் குறையுது. நாம வியாபாரம் பழகல. அதான் இன்னும் டப்பா இருக்கு.

27/ அடுத்தது மருத்துவம். பழசை நினைச்சு உருகுறதுக்கு நாஸ்டால்ஜியானு பேர். அந்த வார்த்தை கவிஞர்கள் கண்டுபிடிச்சது இல்ல. 1688-ல பாசெல் நகரத்துல யோஹான்னஸ் ஹோஃபர்ங்கிற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கினது. ஊர் திரும்புதல், வலி, இந்த ரெண்டு கிரேக்கச் சொல்லைச் சேர்த்தார். அன்னைக்கு அது ஒரு நோய். வெளிநாட்டுக்குச் சண்டை போடப் போன சுவிஸ் சிப்பாய்களைப் படுக்கையில தள்ளின நோய்.

28/ இன்னைக்கு அதை நோய்னு யாரும் சொல்றதில்ல. நடுத்தர வயசு தாண்டினவங்களை நினைவுகளைச் சொல்லச் சொன்னா, ஏறத்தாழ 10-ல இருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் அதிகம் வரும். எல்லா ஊர்லயும் பார்க்கிற பொதுவான விஷயம் இது. அட்டை சேர்த்த வயசு சரியா அந்த வாசல்ல நிக்குது.

29/ பிரிட்டன்ல பழைய கால்பந்து படங்களையும் அட்டைகளையும் காட்டி மறதிநோய் உள்ளவங்களைப் பேச வைக்கிற குழுக்கள் நடக்குது. இது மறதிநோயைக் குணமாக்காது. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. மனநிலையிலயும் பேச்சுலயும் சிலருக்குச் சின்ன முன்னேற்றம் தெரியலாம். அதுக்கு மேல வாக்குறுதி இல்ல. ஆனா வீட்டுல சும்மா இருக்கிற பொருளை வெச்சு ஒரு மணி நேரம் பேச்சு கிடைக்கும்னா, செலவில்லாத விஷயம்.

30/ வார்டுல நடந்தது ஒண்ணு சொல்றேன். அனுமதி வாங்கி, அடையாளம் மாத்தி எழுதுறேன். 70 வயசுப் பெரியவர், கம்பெனியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூச்சிரைப்பு. சிஓபிடி. புகையால வருஷக்கணக்கா நுரையீரல் சேதமாகிற நோய். கேஸ் ஷீட்ல "பேக் இயர்" எழுதணும். ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருஷம் பிடிச்சா ஒரு பேக் இயர்.

31/ "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை பிடிச்சீங்க?"
"ரெண்டோ மூணோதான் சார். அதுவும் வுட்டு அஞ்சு வருஷம் ஆவுது."
பக்கத்துல நின்ன மகன், 45 வயசு இருக்கும், சிரிச்சார். "சார், நைனா சொல்றத எழுதாதீங்க. என்னாண்ட கணக்கு இருக்கு."

32/ கணக்கு இதுதான். "நைனா வேல வுட்டு வரச்சொல்ல கடையில ஒரு பாக்கெட் வாங்குவாரு. மீதி சில்லறைக்கு எனக்கு பபுள்கம். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு அட்ட. தெனிக்கும். டப்பாவுல முந்நூறுக்கு மேல இருக்கு சார்." பாக்கெட்டுக்கு 10 சிகரெட். தினம் 10, மொத்தம் 40 வருஷம். 20 பேக் இயர். கேஸ் ஷீட்ல எழுதினேன். மகன் சேர்த்த கிரிக்கெட் அட்டை, அப்பாவோட மருத்துவ ஆவணம்.

33/ பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மகனைப் பார்த்து, "அத்த ஏண்டா இன்னும் வெச்சிகினு இருக்க?"
"நீ வாங்கிக் குட்த்தது நைனா."
ஆக்ஸிஜன் குழாயைச் சரி பண்ணிக்கிட்டே பெரியவர் கேட்டார்: "அந்த ஸ்ரீகாந்த் அட்ட கீதா?"
"கீது."

34/ மறுநாள் மகன் டப்பாவைக் கொண்டு வந்தார். பக்கத்து பெட்காரங்க எல்லாரும் பார்த்தாங்க. நர்ஸ் அம்மா ஒருத்தர், "என் தம்பியும் இதே மாதிரி வெச்சிருந்தான், வெள்ளத்துல போயிடுச்சு"ன்னாங்க. பெரியவர் இன்ஹேலர் எப்படி இழுக்கணும்னு கத்துக்கிட்டு அடுத்த வாரம் வீட்டுக்குப் போனார். போன நுரையீரல் போனதுதான். இருக்கிறதை வெச்சு ஓட்டணும்.

35/ அந்த அட்டையில எது நிஜம்? கம்பெனி கணக்கு போட்டு வெச்ச தூண்டிலா, நாள் பூரா மெஷின்ல நின்ன ஒரு மனுஷன் சில்லறையை மிச்சம் பிடிச்சு மகனுக்கு வாங்கின பாசமா? ரெண்டும்தான். நூறு கோடி அட்டைக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான். அதுல இருக்கிறது மேன்டில் முகம். இதுல முன்பக்கம் ஸ்ரீகாந்த், பின்பக்கம் நைனா. பின்பக்கத்தை ஏலத்துல விற்க முடியாது.

36/ நர்ஸ் அம்மா சொன்ன வெள்ளம்தான் அடுத்த விஷயம். மேலைநாட்டு அட்டைகள் தப்பினது காய்ஞ்ச பரண்ல கிடந்ததால. நம்ம பக்கம் பரணே கிடையாது. 19-ம் நூற்றாண்டு கடைசியில துறைமுகம் கட்டினப்போ மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரிச்சுது. எண்ணூர் வரைக்கும் வீடும் தெருவும் கடலுக்குப் போன கதை ஒவ்வொரு குப்பத்துலயும் உண்டு. இன்னைக்குக் கரை பூரா பாறாங்கல்.

37/ 2015 டிசம்பர் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். அந்த முறை எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் கலந்து வீட்டுக்குள்ள வந்துச்சு. தண்ணியில நனைஞ்ச அட்டையைக் காய வைக்கலாம். எண்ணெய் படிஞ்ச அட்டையை என்ன பண்றது? டிவி, ஃபிரிட்ஜுக்கு நிவாரணக் கணக்குல ஒரு வரி இருக்கும். அப்பா வாங்கித் தந்த டப்பாவுக்கு வரி கிடையாது.

38/ இன்னொரு இழப்பும் உண்டு. ஆரம்பத்துலயே அச்சாகாத அட்டைகள். 1887-ல வந்த அட்டை வரிசையிலயே குத்துச்சண்டை வீரர்கள் இருந்தாங்க. நம்ம சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை வீரர்களுக்கு யார் அட்டை போட்டா? 1980-ல முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி ஆடினப்போ, பாக்ஸிங்னா உயிரை விடுற ஊர் இது. ஆனா அந்த வாத்தியார்களோட முகம் அவங்கவங்க வீட்டுச் சுவர் போட்டோவுல மட்டும்தான்.

39/ கேரம்ல ரெண்டு முறை உலக சாம்பியன், சென்னைக்காரர் மரிய இருதயம். 1996-ல அர்ஜுனா விருது வாங்கினவர். 2024-ல கேரம் உலகக்கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுநர் மகள். இவங்க அட்டை எந்த பபுள்கம்ல வந்துச்சு? யார் முகம் அட்டையில வரணும்னு முடிவு பண்ணது விளையாட்டு இல்ல, விற்பனை.

40/ இப்ப அட்டையோட கடைசி அத்தியாயம். 2001-ல ஐடிசி கிரிக்கெட் ஸ்பான்சர்ஷிப்பை விட்டு விலகுச்சு. 2003-ல புகையிலை விளம்பரத்தையும் ஸ்பான்சர்ஷிப்பையும் தடுக்கிற சட்டம் வந்துச்சு. 2009-ல சிகரெட் பெட்டியில எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரல் முதல் பெட்டியோட 85 சதவீதம் எச்சரிக்கை. விறைப்புக்கு வெச்ச அட்டையில 1896-ல கிரிக்கெட் வீரர் சிரிச்சார். இன்னைக்கு அதே கம்பெனி வாரிசுகளோட அட்டையில புற்றுநோய்ப் படம். 120 வருஷம் ஆச்சு அந்தப் படம் மாற. இந்த அட்டையைச் சேர்க்க எந்தப் பையனும் கடை வாசல்ல நிக்கறதில்ல.

41/ ஆனா தூண்டில் ஓயல. ஐபிஎல் பார்க்கும்போது இடைவேளையில கவனிங்க. ஏலக்காய்னு ஒரு விளம்பரம் வரும். பேர் என்னவோ பான் மசாலா பேர். நடிக்கிறது முன்னாள் கிரிக்கெட் வீரர்கள். பக்கத்துல உங்க பிள்ளை உட்கார்ந்திருக்கும். சிகரெட் அட்டையில பார்த்த அதே வித்தைதான். அந்தப் பிள்ளைக்கு இதைப் புரிய வைக்க நீங்க பக்கத்துல இருந்தா போதும்.

42/ கடைசியா, செய்யக்கூடியது சில. ஒண்ணு: மழைக்காலத்துக்கு முன்னாடி உங்க டப்பாவைத் திறங்க. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் போன்ல படம் எடுங்க. லேமினேட் பண்ணாதீங்க, சூடும் பசையும் பழைய அச்சைக் கெடுக்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, தரையில வைக்காம மேல் அலமாரியில வைங்க.

43/ ரெண்டு: யார் வாங்கித் தந்தது, எந்தக் கடை, எந்த வருஷம்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள போடுங்க. அது இல்லாத அட்டை உங்க பிள்ளைக்கு வெறும் காகிதம். மூணு: வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்ககிட்ட டப்பாவைக் கொடுத்துட்டு, போனைக் கீழ வெச்சுட்டு, கேளுங்க.

44/ நாலு: இன்னும் புகைக்கிறவங்க, பெட்டியைத் திருப்பிப் பாருங்க. 1800-11-2356னு ஒரு நம்பர் இருக்கும். இலவசம். புகையை விட உதவுற தேசிய உதவி எண். இத்தனை வருஷமா அந்த அட்டையில அச்சானதுலயே உருப்படியான விஷயம் அந்த நம்பர்தான்.

45/ உங்க தெருவுல கத்திரிக்கு எத்தனை பாயிண்ட்? சார்மினாருக்கு எத்தனை? ஸ்ரீகாந்துக்கு எத்தனை அசாருதீன் கொடுத்தீங்க? ராயபுரம் ரேட்டும் எண்ணூர் ரேட்டும் ஒண்ணா, வேறயா? கீழ எழுதுங்க. அப்பா, சித்தப்பாகிட்ட கேட்டு எழுதினா இன்னும் நல்லது. நைட் டியூட்டிக்குக் கிளம்புறேன்.